நாளைய அறிவியல் ஆசிரியருக்கு இன்றைய கருவிகள்: குமரி மாவட்ட பி.எட். வகுப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் துறை அலமாரியில் பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்று கிடக்கிறது. பி.எட். மாணவி ஒருத்தி எழுதியது. இருபத்துமூன்று கல்விச் செயலிகளின் பெயர், யார் உருவாக்கியது, எதற்குப் பயன்படும் என்று அழகான கையெழுத்தில் ஒரு பட்டியல். ஒவ்வொன்றின் ஐகானையும் கலர் பென்சிலால் வரைந்து, சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் போட்டிருக்கிறாள். நான் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன். அவள் நாலு மாதம் டீச்சிங் பிராக்டிஸ் போன பள்ளிக்கூடத்தில் அந்த இருபத்துமூன்றில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெயர் எழுதச் சொன்னேனே தவிர, அதை வைத்து எதையாவது அளந்து வா என்று நான் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு வகுப்பை மாற்றிக்கொண்ட விதத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை வட்டாரத்தில் அறிவியல் கற்பித்தல் வகுப்பு எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. பி.எட். படிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து தாங்களாகவும் செய்யலாம். ஒரு வருடத்துக்கான வேலை இது, அவசரப்பட வேண்டாம்.

படி 1: கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

முதல் நாள் எல்லோரும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியை ஃபோனில் இறக்கிக்கொள்ளட்டும். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்டது. இலவசம், விளம்பரமும் கிடையாது. ஃபோனுக்குள் ஏற்கெனவே இருக்கும் உணரிகளை (சென்சார்) ஆய்வுக்கூடக் கருவிகளாக மாற்றித் தருகிறது. முடுக்கமானி எல்லாருடைய ஃபோனிலும் இருக்கும். காந்தப்புலம் அளக்கும் உணரி பெரும்பாலானவற்றில் இருக்கும். காற்றழுத்தமானி வகுப்புக்கு ஒன்றிரண்டு பேரிடம் இருந்தால் அதிர்ஷ்டம். யாரிடம் எது இருக்கிறது என்று கரும்பலகையில் அட்டவணை போட்டு, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்கத் தேவைப்படும்.

அடுத்து, போகப்போகிற பள்ளிக்கூடத்தைப் பற்றிய கணக்கு. அரசுப் பள்ளி என்றால் ஹைடெக் லேப் இருக்கும். ஆனால் அது எந்த நேரம் காலியாக இருக்கும் என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ஆன்லைன் தேர்வு, எமிஸ் தளத்தில் பள்ளித் தகவல் ஏற்றும் வேலை என்று அது எப்போதும் யாருக்காவது வேண்டியிருக்கும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் சிக்னல் வருவதும் போவதும் மழையின் கையில். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது, கரண்ட் போகும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஃபோன் கொண்டுவரக் கூடாது. ஆகவே வகுப்பில் இருக்கப்போவது ஆசிரியரின் ஒரு ஃபோன், எதிரே நாற்பது பிள்ளைகள். இந்தக் கணக்குக்குள் அடங்காத திட்டம் எதுவும் கல்லூரி வாசலைத் தாண்டாது.

படி 2: பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

பி.எட். தேர்வுக்கு எல்லோரும் ஒரு விஷயம் படிப்பார்கள். பாடப்பொருள் தெரிவது வேறு, அதைக் கற்பிக்கத் தெரிவது வேறு, இரண்டும் கலந்த ஓர் அறிவு ஆசிரியருக்கு உண்டு என்று 1986-இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஷுல்மன் சொன்னார். 2006-இல் மிஸ்ராவும் கோலரும் அதில் தொழில்நுட்பத்தையும் சேர்த்து மூன்று வட்டங்கள் போட்டார்கள். அந்த மூன்று வட்டப் படத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவார்கள். ஆனால் லெசன் பிளான் எழுத உட்கார்ந்தால் அந்தப் படம் நினைவுக்கு வராது.

நான் அதை ஒரே வாக்கியமாகச் சுருக்கிவிட்டேன். கருவி பற்றிப் பேசும் முன் ஒவ்வொருவரும் இதை நிரப்ப வேண்டும்: "இந்தப் பாடத்தில் இன்னது பிள்ளைகளுக்குப் புரியாது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது." தெரியாது என்பதற்குப் பதிலாக, மிக வேகமாக நடக்கும், மிக மெதுவாக நடக்கும், ஆபத்தானது, எட்டாத தூரத்தில் இருக்கிறது என்றும் வரலாம். இவற்றில் எதுவும் வரவில்லையா? சாக்பீஸ் போதும்.

ஒரு முறை குலசேகரம் பக்கத்துப் பள்ளியில் ஒரு மாணவி, ரப்பர் பால் ஃபார்மிக் அமிலத்தில் உறைவதை யூடியூபில் போட்டுக் காட்டினாள். முன்பெஞ்சில் இருந்த பையன், "மிஸ், எங்க வீட்ல காலைல அப்பா இதத்தான் செய்வாங்க" என்றான். வகுப்பில் பாதிப் பேர் பால்வெட்டுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். டிஷ்ஷில் எவ்வளவு பால், எவ்வளவு தண்ணீர், ஆசிட் கூடினால் ஷீட் என்ன ஆகும் என்று அவர்கள் அவளுக்குப் பாடம் எடுத்திருப்பார்கள். அவளுக்கு அங்கே தேவைப்பட்டது திரை இல்லை, ஒரு பாட்டில் பாலும் பிஎச் தாளும்தான்.

படி 3: முதலில் கையால் அளக்கட்டும், பிறகு ஃபோன்

வருடத்திலேயே அதிக நேரம் நான் செலவிடுவது இந்தப் படியில்தான். இது சரியாக அமைந்தால் மற்றவை தானாக வரும்.

எடுத்துக்கொள்வது ஒலியின் வேகம். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் வருகிற பாடம். எதிரொலி கேட்கக் குறைந்தது 17.2 மீட்டர் வேண்டும் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

முதலில் கையால். மைதானத்தில் 100 மீட்டர் அளந்து, ஒரு முனையில் இரண்டு மரக்கட்டைகளை ஓங்கித் தட்ட வேண்டும். மறுமுனையில் இருப்பவர் கட்டைகள் மோதுவதைக் கண்ணால் பார்த்ததும் ஸ்டாப்வாட்சை அழுத்தி, சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்த வேண்டும். ஆறு குழு அளந்தால் ஆறு விடை வரும். 200 என்பார்கள், 600 என்பார்கள். வரட்டும், திருத்த வேண்டாம். சத்தம் 100 மீட்டர் வர எடுக்கும் நேரமே 0.29 விநாடிதான். பார்த்ததும் விரல் அசைய 0.2 விநாடி ஆகிறது. அளக்கிற பொருளும் அளப்பவரின் தடுமாற்றமும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதைத் தங்கள் விரலிலேயே உணர்ந்த பிறகுதான் ஃபோனுக்கு மரியாதை வரும்.

இப்போது ஃபைஃபாக்ஸில் ஒலி ஸ்டாப்வாட்சைத் திறக்கச் சொல்லுங்கள். இது ஒரு சத்தத்தில் ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும். இரண்டு ஃபோன்களை 5 மீட்டர் தள்ளி வையுங்கள், டேப் பிடித்து அளந்தே வையுங்கள். முதல் ஃபோன் பக்கத்தில் நிற்பவர் ஒரு தட்டு தட்ட வேண்டும். அது முதல் ஃபோனுக்கு உடனே கேட்கும், இரண்டாவதற்குச் சற்றுப் பிந்தி. இரண்டு மூன்று விநாடி கழித்து இரண்டாவது ஃபோன் பக்கத்தில் நிற்பவர் தட்ட வேண்டும். இப்போது இரண்டாவது ஃபோன் உடனே நிற்கும், முதலாவது பிந்தி நிற்கும். ஆக, முதல் ஃபோன் காட்டும் நேரம் இரண்டாவதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல், ஒலி 5 மீட்டரைப் போக ஒரு தடவை, வர ஒரு தடவை கடந்த நேரம், மொத்தம் 10 மீட்டருக்கு.

முதல் ஃபோன் 2.417, இரண்டாவது 2.388 காட்டுகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 0.029 விநாடி. 10-ஐ இதனால் வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர். புத்தகக் கணக்கு 331-உடன் வெப்பநிலையை 0.6-ஆல் பெருக்கிக் கூட்டுவது. நம்ம ஊர் 30 டிகிரிக்கு 349 வரும். வகுப்பில் ஒரு கைதட்டல் எழும்.

கைதட்டல் அடங்கியதும் கேளுங்கள்: "வித்தியாசம் 0.028 என்று வந்திருந்தால்?" 357. "0.030 என்றால்?" 333. ஒரு மில்லி விநாடி அசைந்தாலே விடை இவ்வளவு ஆடுகிறது. அப்படியானால் ஒரே அளவீட்டை நம்பலாமா, பத்துத் தடவை எடுக்க வேண்டுமா, தூரத்தைக் கூட்ட வேண்டுமா? தூரத்தைக் கூட்டினால் தட்டு கேட்காமல் போய்விடுமே? இந்த வாக்குவாதம்தான் அன்றைய பாடம், ஃபோன் அதற்கு ஒரு சாக்கு.

சொதப்பல்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். எங்கள் வளாகத்தில் முதல் எதிரி காக்கா, இரண்டாவது வாசலில் ஹாரன் அடிக்கும் பஸ். அவற்றின் சத்தத்துக்கும் ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்கிவிடும். செயலியில் எவ்வளவு சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்ற எல்லையை உயர்த்தினால் சரியாகும். தடிமனான உறை போட்ட ஃபோனில் மைக் அடைபட்டிருக்கும், மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் காற்றே அதை ஓட்டிவிடும். இதையெல்லாம் நான் முன்கூட்டியே சொல்வதில்லை, அவர்களே மாட்டிக்கொண்டு வெளியே வரட்டும்.

இங்கிருந்து ஒரு விதி பிறக்கிறது, வருடம் முழுக்க அமலில் இருக்கும். எந்தக் கருவியாக இருந்தாலும் அது எதை உணர்கிறது, அதிலிருந்து எண்ணை எப்படிக் கணக்கிடுகிறது என்று மூன்று வாக்கியத்தில் கரும்பலகையில் விளக்கத் தெரிந்த பிறகே அதை லெசன் பிளானில் எழுத அனுமதி.

காற்றழுத்தமானி உள்ள ஃபோன் கிடைத்திருந்தால் ஒரு ஞாயிறு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போய்வாருங்கள். பாலம் சுமார் 115 அடி உயரம். ஆற்றங்கரையில் ஒரு தடவை, மேலே ஏறி ஒரு தடவை அழுத்தம் எடுத்தால் ஏறக்குறைய 4 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருக்கும். காற்றுக்கு எடை உண்டு என்று சொல்வதைவிட இது நன்றாக உறைக்கும்.

படி 4: சிமுலேஷனில் எது பொய்?

மின்னோட்டம், அணு, வாயு மூலக்கூறு போன்றவை கண்ணுக்குத் தெரியாதவை. இங்கே சிமுலேஷனுக்கு இணை இல்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் தளத்தில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன, பலவும் தமிழில். நமக்கு முக்கியமான வசதி, ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம் என்பது. அப்புறம் நெட் தேவையில்லை.

எப்படிப் பழக்குவது? மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். திரையைத் தொடும் முன், இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் வெளிச்சம் கூடுமா குறையுமா, ஒன்றைக் கழற்றினால் மற்றது என்ன ஆகும் என்று பென்சிலால் எழுதிவிட வேண்டும். பேனா கூடாது என்றில்லை. பென்சில் என்றால் தப்பாக எழுதப் பயப்பட மாட்டார்கள், அவ்வளவுதான். பிறகு செய்து பார்க்கட்டும், பிறகு விளக்கட்டும்.

அடுத்துதான் ஆசிரியர் பயிற்சிக்கே உரிய கேள்வி: இந்தப் படத்தில் எது பொய்? கம்பிக்குள் நீல மணிகள் வரிசையாக ஊர்கின்றன. எலக்ட்ரானுக்கு நிறம் கிடையாது, அந்த அளவில் அது இல்லை, இப்படி வரிசை கட்டியும் போவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை தேர்வுத்தாளில் எலக்ட்ரான் நீல நிறம் என்று எழுதிவைக்கும். ஒவ்வொரு சிமுலேஷனுக்கும் குறைந்தது இரண்டு பொய்களைக் கண்டுபிடித்து வர வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுங்கள். போட்டி போட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

உண்மையான ஒயரும் பல்பும் முதலில் வேண்டுமா, சிமுலேஷன் முதலிலா என்று சண்டை வரும். எனக்கு எப்போதும் ஒயர்தான் முதலில். ஆனால் எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கொலராடோவிலேயே நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், சிமுலேஷனில் மட்டும் பழகிய கல்லூரி மாணவர்கள், உண்மையான கருவிகளில் பழகியவர்களைவிட உண்மையான சுற்றை நன்றாக அமைத்தார்கள். இதை வகுப்பில் சொல்லிவிட்டு, உங்கள் அணியை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று விட்டுவிடுகிறேன்.

பாடநூலில் 2018 முதல் அச்சாகும் க்யூஆர் குறியீடுகள், 2023-இல் வந்த பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி வீடியோ பாடச் செயலி ஆகியவற்றையும் இந்தப் படியிலேயே முடித்துவிடலாம். வீடியோவை முழுசாக ஓடவிடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்கப் பழக்கினால் போதும்.

படி 5: வெளியே போய் அளந்து வாருங்கள்

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்குங்கள், வீட்டுக்கு ஆர்ஓ போட வருபவர் கையில் வைத்திருப்பாரே, அதுதான். பழையாறு மணக்குடியில் கடலில் சேருகிறது. சுசீந்திரம் பாலத்தருகே ஒரு பாட்டில், மணக்குடிப் பாலத்தருகே ஒன்று, கடற்கரையில் ஒன்று தண்ணீர் எடுத்துவரச் சொல்லுங்கள். பொழிமுகத்தில் இறங்க வேண்டாம், வாளியில் கயிறு கட்டி எடுத்தால் போதும்.

ஆற்று நீர் ஏதோ ஓர் எண் காட்டும். கடல் நீரில் வைத்ததும் மீட்டர் எண்ணே காட்டாமல் தவறு என்று காட்டும். "மீட்டர் போச்சு டீச்சர்" என்று ஓடி வருவார்கள். போகவில்லை. இந்த மலிவு மீட்டர்கள் சாதாரணமாக லிட்டருக்கு 9,990 மில்லிகிராம் வரைதான் காட்டும். கடல் நீரிலோ லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதாவது 35,000 மில்லிகிராம். என்ன செய்யலாம் என்று கேட்டால் யாராவது ஒருவருக்குப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யலாம் என்று தோன்றும். எதை ஊற்றி? குழாய்த் தண்ணீருக்கே ஒரு டிடிஎஸ் உண்டே? கடைசியில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் வந்து நிற்பார்கள். நீர்க்கச் செய்த நீரின் எண்ணைப் பத்தால் பெருக்கினால் புத்தக எண்ணுக்குப் பக்கத்தில் வரும், துல்லியமாக வராது. மீட்டர் உப்பை எண்ணுவதில்லை. மின்கடத்தும் திறனை அளந்து ஒரு மாறிலியால் பெருக்குகிறது. மூன்று வாக்கிய விதி ஞாபகம் இருக்கிறதா? இதைத்தான் கரும்பலகையில் எழுத வேண்டும்.

மணவாளக்குறிச்சி கடற்கரைக்குப் போய்வந்தவர்கள் காலில் ஒட்டிய மணலைத் தட்டி எடுத்து, ஃபோனில் மாட்டும் கிளிப் லென்ஸ் வழியே பார்க்கட்டும். கறுப்பாக இல்மனைட், சிவப்பாகக் கார்னெட், நிறமில்லாமல் குவார்ட்ஸ் மணிகள் தனித்தனியாகத் தெரியும். தேரூர் குளத்துப் பறவைகளை ஈபேர்டு என்ற பறவைப் பதிவுச் செயலியில் பதிவதும் நல்ல பழக்கம். செயலி சொல்லும் பெயரை அப்படியே எழுதாமல், எந்த அடையாளத்தை வைத்து அந்தப் பெயர் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

ஆர்டுயினோ, இஎஸ்பி 32 மாதிரிச் சிறு மின்னணுப் பலகைகளை வைத்துத் தாங்களே உணரி அமைப்பது ஆர்வமுள்ள நாலைந்து பேருக்குப் போதும். எல்லோருக்கும் கட்டாயமாக்கினால் வகுப்பு, ஒயர் கழன்றதைத் தேடுவதிலேயே முடியும். காற்றாலை காட்ட ஆசைப்பட்டால், பொம்மை மோட்டாரில் இறக்கை ஒட்டி, மின்விசிறி முன் பிடித்து, மல்டிமீட்டரில் வோல்ட்டைப் பாருங்கள். முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகள் ஏன் ஆரல்வாய்மொழி கணவாயில் வந்து நிற்கின்றன என்ற பேச்சுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

படி 6: ஊர்க்கதையை வானத்தில் சரிபாருங்கள்

சித்ரா பௌர்ணமி அன்று சூரியன் மறைவதையும் நிலா உதிப்பதையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், உலகத்திலேயே கன்னியாகுமரியில் மட்டும்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, இடத்தைக் கன்னியாகுமரிக்கு மாற்றி, அந்த நாள் சாயங்காலத்துக்குப் போகச் சொல்லுங்கள். மேற்கே சூரியன் இறங்கும்போது கிழக்கே நிலா ஏறும். இப்போது இடத்தை மதுரைக்கு மாற்றுங்கள். அங்கேயும் அப்படித்தான். வேறு மாதத்துப் பௌர்ணமிக்குப் போனாலும் ஏறக்குறைய அப்படியே. முழுநிலா என்றாலே சூரியனுக்கு நேரெதிரே இருப்பதுதானே. அப்படியானால் நம்ம ஊரில் என்ன விசேஷம்? இடமும் வலமும் மறைக்க ஒன்றுமில்லாத கடல் வெளி. விசேஷம் நிலாவிடம் இல்லை, நாம் நிற்கும் இடத்தில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும்போது சிலர் முகம் கொஞ்சம் வாடும். பரவாயில்லை.

இதே மென்பொருளில் நிழலில்லா நாளையும் கணிக்கலாம். கன்னியாகுமரி ஏறக்குறைய 8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் 1, 2 வாக்கிலும் பகல் 12.20 மணியை ஒட்டிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். ஏன் 12 மணிக்கு வருவதில்லை என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கணித்த நாளில் மொட்டை மாடியில் ஒரு குழாயை நிமிர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும். திரையில் பார்த்ததோடு முடித்துக்கொண்டால் மார்க் இல்லை.

படி 7: ஏஐ எழுதியதற்குச் சிவப்பு மை

ஏஐ செயலிகளைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். லெசன் பிளானை அதில் எழுதி வாங்கித்தான் வருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே வெளிப்படையாகவே செய்யச் சொல்லிவிட்டேன். செயலி தந்ததை அப்படியே அச்செடுத்து, சிவப்பு மையால் திருத்தி, இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

முதல் வாரம் ஒருத்தி ஒரு திருத்தமும் இல்லாமல் கொண்டுவந்தாள்.

"இதுல தப்பே இல்ல டீச்சர். நல்ல தமிழ்ல எழுதியிருக்கு."

"ஆர்முடுகல்னா என்ன?"

தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏதோ முடிச்சு போடுறதா டீச்சர்?"

முடுக்கம்தான். இலங்கைப் பாடநூல்களில் அதை ஆர்முடுகல் என்பார்கள். இயற்பியலைப் பௌதிகவியல் என்பார்கள். அதுவும் நல்ல தமிழ்தான். ஆனால் குழித்துறைப் பிள்ளை கையில் இருக்கும் புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை. இந்தச் செயலிகள் எழுத்துக் குவியலைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகின்றன. தமிழ் எழுத்து அந்தக் குவியலில் குறைவு என்பதால் ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிகம் தடுமாறும். ஆகவே முதல் திருத்தம் எப்போதும் கலைச்சொல். நம் பாடநூலைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது பயிற்சி வாக்கியங்களைப் பிரிப்பது. செயலியின் விடையை வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் குறி போடுங்கள்: புத்தகத்தில் சரிபார்க்கலாம், செய்து பார்த்துச் சரிபார்க்கலாம், இரண்டும் முடியாது. "முக்கடல் நீரும் கலக்காமல் தனித்தனி நிறத்தில் இருப்பது ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியிலேயே பொய் இருக்கிறது. கடல் நீர் கலக்கும். ஆழம், வண்டல், வெளிச்சம் ஆகியவற்றைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும். செயலி சில நேரம் அதைச் சுட்டிக்காட்டும், சில நேரம் நம் பொய்க்குக் காரணம் கற்பித்துத் தரும். இரண்டு விடைகளையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. தவறான கேள்வி கேட்டால் தவறான விடையை அழகாகத் தரும் ஒன்றிடம் பிள்ளைகளை அனுப்பும் முன், கேள்வி கேட்கப் பழக்க வேண்டியது யார் என்று பயிற்சி ஆசிரியர்களுக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கனமான பொருள்தான் முதலில் கீழே விழும் என்று அடித்துச் சொல்லும் ஒன்பதாம் வகுப்பு மாணவனைப் போலப் பேசு, சீக்கிரம் ஒத்துக்கொள்ளாதே என்று செயலியிடம் சொல்லுங்கள். பயிற்சி ஆசிரியர் விடை சொல்லாமல், கேள்வி மட்டுமே கேட்டு அவனை மாற்ற வேண்டும். உண்மையான பிள்ளைகள் முன் தடுமாறுவதற்குப் பதில் இங்கே இருபது தடவை தடுமாறலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், செயலி நிஜப் பிள்ளையைவிடச் சீக்கிரம் மனம் மாறிவிடும்.

பிள்ளைகளின் படம், பெயர், மதிப்பெண் பட்டியல் எதையும் இந்தச் செயலிகளில் ஏற்றக் கூடாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். வகுப்பறையில் இந்தச் செயலிகளைத் தனியாகப் பயன்படுத்த 13 வயதைக் குறைந்தபட்ச எல்லையாக வைக்கலாம் என்று யுனெஸ்கோவும் அதே ஆண்டு சொன்னது. விடைத்தாளைத் திருத்தித் தா என்று படம் எடுத்து ஏற்றும் பழக்கத்தை இப்போதே நிறுத்திவிடுங்கள்.

படி 8: பாதியில் கரண்ட் போகும் மைக்ரோ டீச்சிங்

கிளர்வினாத் திறன், விளக்கும் திறன் என்று ஒவ்வொரு திறனாக எடுத்துச் சில நிமிடம் சக மாணவர்களுக்கே பாடம் நடத்திப் பழகும் மைக்ரோ டீச்சிங் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அதில் நான் ஒன்று சேர்த்திருக்கிறேன். திரையை வைத்துப் பத்து நிமிட வகுப்பு நடக்கும். எந்த நிமிடத்தில் என்று சொல்லாமல் நான் எழுந்துபோய் புரொஜெக்டர் சுவிட்சை அணைப்பேன். ஒரு நிமிடத்துக்குள் அதே கருத்தை அதே இடத்திலிருந்து சாக்பீஸோ கையில் கிடைத்த பொருளோ வைத்துத் தொடர வேண்டும்.

முதல் சுற்றில் எல்லோரும் என்னை முறைத்துப் பார்ப்பார்கள், பிறகு சுவிட்சைப் பார்ப்பார்கள். மூன்றாவது சுற்றில் ஒருத்தி, அலை பற்றிய படம் அணைந்ததும், தன் துப்பட்டாவின் மறுமுனையைத் தோழி கையில் கொடுத்து ஒரு உதறு உதறினாள். மலை மலையாக அலை ஓடியது. வகுப்பில் யாருக்கும் அந்தப் படம் திரும்ப வர வேண்டும் என்று தோன்றவில்லை.

எல்லாச் சுற்றையும் ஒரு ஃபோனில் பதிந்து, பேசியவரே முதலில் பார்க்கட்டும். திரையைப் பார்த்துப் பேசிய நேரம் எவ்வளவு, பிள்ளைகளைப் பார்த்துப் பேசிய நேரம் எவ்வளவு என்று ஸ்டாப்வாட்சில் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

படி 9: பள்ளிக்கூடத்தில் பதினாறு வாரம்

இரண்டாம் ஆண்டு டீச்சிங் பிராக்டிஸில் நம் பி.எட். மாணவர்கள் அங்கே விருந்தாளிகள். போன முதல் வாரம் ஃபோனை வெளியே எடுக்க வேண்டாம். தலைமை ஆசிரியரிடமும் கைடு டீச்சரிடமும் என்ன பாடம், எதற்காக ஃபோன், எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகே எடுக்க வேண்டும். ஒரு பள்ளியில் என் மாணவன் கேட்காமல் ஃபோனை எடுத்து, ரீல்ஸ் பார்க்கிறான் என்று பெயர் வாங்கிவிட்டான். அந்தப் பெயரை மாற்ற மூன்று வாரம் ஆனது. கைடு டீச்சரை ஒரு அளவீட்டில் சேர்த்துக்கொண்டால் கதவு தானாகத் திறக்கும். ஒலி வேகத்துக்கு இரண்டாவது ஃபோன் வேண்டும் அல்லவா, அவருடையதைக் கேளுங்கள்.

மாதத்துக்கு இரண்டு பாடம் போதும். ஒரு வாரத்துக்கு முன்பே பள்ளியின் அதே அறையில், அதே கணினியில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். கல்லூரி லேப்டாப்பில் ஓடியது பள்ளிக் கணினியில் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. கணினிக்கு மூன்று பிள்ளைகள் என்றால், ஒருவர் சுட்டியைப் பிடிக்க, ஒருவர் ஊகத்தை எழுத, ஒருவர் "ஏன்?" என்று மட்டும் கேட்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாற வேண்டும். மாற்றாவிட்டால் சுட்டி எப்போதும் ஒரே பையன் கையில்தான் இருக்கும்.

படி 10: மதிப்பெண்

எத்தனை கருவி பயன்படுத்தினார்கள் என்பதற்கு மதிப்பெண் வேண்டாம், என் பழைய தப்பு அது. என் கணக்கு இப்படி: பாடத்தின் சிக்கலைச் சரியாகப் பிடித்ததற்குக் கால்வாசி. கருவி எப்படி அளக்கிறது என்ற மூன்று வாக்கியத்துக்குக் கால்வாசி. மீதி பாதி, அளவீடு எங்கே தப்பியது, ஏன் தப்பியது, அடுத்து என்ன மாற்றினார்கள் என்ற பக்கத்துக்கு. எல்லா எண்ணும் புத்தக எண்ணோடு அப்படியே பொருந்தி வந்தால் நான் சந்தேகப்படுவேன், வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துவிடும்.

போன வாரம் திருத்திய ஒரு ரெக்கார்டில் ஒலி வேகத்துக்குப் பத்து அளவீடு இருந்தது. ஏழாவதை மட்டும் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தாள்: "காக்கா கத்தியது, தள்ளுபடி. எல்லையை உயர்த்தி மறுபடி எடுத்தோம்." அந்த வரிக்குத் தனியாக இரண்டு மார்க் போட்டேன்.